உள்பக்கம் மடியும் கதவு

ஏப்ரல் 2, புதன்

காலை 6.40க்குக் குளிக்கப் போனேன். 9.55க்கு வெளியே வந்தேன்.

இடையில் ஷவர் தடுப்பின் மடிப்புக் கண்ணாடிக் கதவு பழுதாகிவிட்டது. மேல்முனைத் திருகு பெயர்ந்து, இரண்டு மடிப்புகளில் ஒன்று உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கண்ணாடி உடையவில்லை. நானும்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புலத்தில் நின்றுகொண்டு கருத்து எழுதக் கூடாது, அளவை மட்டும் எழுத வேண்டும். ஆகவே அளவுகள்: இடது முழங்கையில் சிராய்ப்பு, இரண்டு அங்குலம். இடது இடுப்பில் கன்றல், தோசைக்கரண்டி அகலம். செல்போனில் தவறிய அழைப்புகள் ஐந்து. ஐந்தும் வசந்தாமணி.

10.10க்குத் திரும்ப அழைத்தேன்.

"எங்கீங்க போயிட்டீங்க? அப்பப் புடிச்சுக் கூப்பிடறேன்."

"மார்க்கெட்டுக்கு."

"இவ்வளவு நேரமா? அப்படி என்ன வாங்குனீங்க?"

"கத்திரிக்காய்."

"கத்திரிக்காயா? நீங்க அதத் தொடவே மாட்டீங்களே."

"பார்க்க நல்லா இருந்துது."

பிறகு மெல்ல நடந்து போய் அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கி வந்தேன். எனக்குப் பொய் சொல்வது பிடிக்காது.


ஏப்ரல் 3, வியாழன்

நிலவரத்தைப் பதிவு செய்துவிடுகிறேன்.

வசந்தாமணி தோஹாவில் மகள் பூங்கொடி வீட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பூங்கொடிக்குப் பிள்ளை பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள். வசந்தாமணி திரும்பி வருவது ஏப்ரல் 26, சனிக்கிழமை காலை. அதுவரை இந்த வடவள்ளி வீட்டில் நான் தனி. வேலைக்கு வரும் பாப்பாத்தியும் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறாள்.

போன வருடம் வங்கிப் படிக்கட்டில் ஒரு படி எனக்குத் தெரிவிக்காமல் முடிந்துவிட்டது. நெற்றியில் மூன்று தையல். அன்று பூங்கொடி போனில் தீர்ப்பு வழங்கினாள். "அப்பா, இன்னொரு தடவை விழுந்தீங்கன்னு கேள்விப்பட்டேன்னா, வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் நேரா சாந்த வனம்தான். அப்புறம் பேச்சே கிடையாது."

சாந்த வனம் என்பது சிறுவாணி சாலையில் இருக்கும் முதியோர் குடியிருப்பு. அதன் விளம்பர மடலைப் பூங்கொடி எனக்கு மூன்று முறை அனுப்பியிருக்கிறாள். முதல் பக்கத்தில் ஒரு முதியவர் இறகுப்பந்து ஆடுகிறார். வயது நாற்பத்திரண்டு இருக்கும். நான் அங்கே போகாததற்குப் பதினேழு காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். முதல் காரணம்: தினமும் காலை ஆறரைக்கு அனைவரும் சேர்ந்து செய்யும் சிரிப்புப் பயிற்சி. மற்ற பதினாறும் தேவைப்படவில்லை.

ஆக, வேலை இதுதான். 26ஆம் தேதிக்குள் அதே மாதிரிக் கதவு அதே இடத்தில் நிற்க வேண்டும். கதவு பழையபடி இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான் விழவில்லை.

இன்று முக்காலியில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் குளித்தேன். தண்ணீர் சிக்கனம்.


ஏப்ரல் 4, வெள்ளி

சுங்கம் பகுதியில் ஒரு கண்ணாடிக் கடை. உரிமையாளர், விற்பனையாளர், பொருத்துநர் மூவரும் ஒருவரே. பெயர் சென்னியப்பன். ஐம்பது வயது. காதில் பென்சில் இருப்பதை மறந்துவிட்டு மேசையில் பென்சில் தேடும் மனிதர்.

விவரப் புத்தகத்தைக் காட்டினார். நூற்றுப்பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெண் நனையாமல் ஷவர் அருகே நின்று தொலைவைப் பார்க்கிறாள். தண்ணீர் எங்கும் இல்லை. இந்த அம்சத்தில் மட்டும் அது எங்கள் ஊர்க் குளியலறைகளை உண்மையாகச் சித்திரிக்கிறது.

"சாருக்கு எந்த மாதிரிங்க வேணும்?"

"ஏற்கெனவே இருந்த மாதிரி." செல்போனில் பழைய படம் ஒன்றைக் காட்டினேன். பூங்கொடி தன் வீட்டுக்கு மாதிரி கேட்டபோது எப்போதோ எடுத்தது.

"அட, இது பத்து வருசத்துக்கு முந்தின மாடலுங்க. உள்பக்கம் மட்டும் மடியறது. இப்ப யாரும் கேக்கறதில்லீங்க."

"நான் கேக்கறேன்."

"பண்ணித் தரலாமுங்க. ஆனா அதுல ஒரு சங்கடம். உள்ள ஆளு விழுந்துட்டா கதவு தொறக்காதுங்க. விழுந்த ஆளே குறுக்க கெடப்பாரு பாருங்க."

"யாரும் விழலீங்க."

"நான் பொதுவாச் சொன்னேனுங்க."

"நானும் பொதுவாத்தான் சொன்னேன்."

அவர் தொண்ணூற்றாறாம் பக்கத்தைத் திருப்பினார். "இதப் பாருங்க. இது உள்ளயும் மடியும், வெளியயும் மடியும். வெளிய நின்னு ரெண்டு விரல்ல இழுத்தாப் போதும். தாப்பாளே கெடையாது."

"இத யாரு வாங்கறாங்க?"

சென்னியப்பன் நேர்மையானவர். யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "யாராச்சும் விழுந்த வீட்டுக்காரங்கதானுங்க. விழாத வீட்ல இத மாட்டி நான் பாத்ததில்லீங்க."

அந்தக் கதவை மாட்டினால் வாசலில் அறிவிப்புப் பலகை தனியாக வேண்டியதில்லை. பழைய மாடலே போதும் என்றேன்.

"சரிங்க. நாளைக்குக் காலைல வந்து அளவு எடுத்துக்கறேன்."

"வேண்டாம். அளவு நானே தர்றேன்."

"இல்லீங்க சார், இது டஃபன்ட் கண்ணாடி. சூளைல வெந்து வந்துட்டா அப்புறம் ஒரு நூல்கூட வெட்ட முடியாது. தூள் தூளாப் போயிரும்."

"சென்னியப்பன், நான் ரிடையர்டு சர்வேயர். மூணு தாலுக்கா அளந்தவன்."

"அப்படீங்களா? அவினாசி தாலுக்கா?"

"அதுவும்தான்."

"அப்ப எங்க மாமனாரு காட்ட நீங்கதான் அளந்திருப்பீங்க. கேசு இன்னும் நடக்குதுங்க."


ஏப்ரல் 5, சனி

எஃகு நாடாவால் அளந்தேன். ஓடு முதல் ஓடு வரை.

மேல்: 762 மி.மீ. நடு: 762. கீழ்: 762.

கீழ் அளவுக்குக் குனிய வேண்டும். குனிந்தபோது அறை மெல்ல வடகிழக்காகத் திரும்பியது. அறைகள் அப்படிச் செய்வதில்லை. வெயில்தான் காரணம். நிமிர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணளவாகவே பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒரே அளவு வந்த பிறகு மூன்றாவது இடத்தில் மாறுவதற்குச் சுவருக்கு என்ன அவசியம்?

1998இல் இதே நியாயத்தைச் சொன்ன உதவி அளவர் ஒருவருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். அவர் சோம்பேறி. அது வேறு விஷயம்.


ஏப்ரல் 6, ஞாயிறு

வீடியோ அழைப்பு. பேரன் கொட்டாவி விட்டான். அதைப் பாராட்டினோம். மறுபடி விட்டான்.

"ஏனுங்க, இந்த வெய்யல்ல எதுக்கு முழுக்கைச் சட்டை?" என்றாள் வசந்தாமணி.

"அலமாரில சும்மா கெடந்துது."

"மொகம் வாடியிருக்குதே. தூங்கறீங்களா?"

"வெளிச்சம் சரியில்ல."

"வீட்டச் சுத்திக் காட்டுங்க பாக்கலாம்."

பால்கனி காட்டினேன். கறிவேப்பிலைத் தொட்டி, சமையலறை, கூடம், படுக்கையறை. குளியலறைப் பக்கம் போனபோது சிக்னல் கிடைக்கவில்லை. என் விரல் சிவப்புப் பொத்தானுக்கு மிக அருகில் இருந்தது.


ஏப்ரல் 7, திங்கள்

அளவுத் தாளைக் கொடுத்தேன். சென்னியப்பன் அதை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூணு எடத்துலயும் ஒரே அளவுங்களா?"

"ஆமா."

"இருவத்தேழு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். மூணும் ஒண்ணா வந்த சொவரு இதுவரைக்கும் நான் பாத்ததில்லீங்க."

"நல்ல பில்டர்."

"எந்த பில்டருங்க? சொல்லுங்க, நானும் அங்கயே ஒரு வீடு வாங்கிக்கறேன்."

பதினாறாம் தேதி வந்துவிடும் என்றார்.


ஏப்ரல் 9, புதன்

கட்டிலில் புரண்டு படுத்தபோது அறை மறுபடி திரும்பியது. இம்முறை வேகமாக. மின்விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தேன்.


ஏப்ரல் 12, சனி

சில வீட்டு மாற்றங்கள்.

குளிக்கும் நேரத்தில் வாசல் கதவைத் தாழிடுவதில்லை. காற்றோட்டம்.

செல்போனை மாவுப் பாலித்தீன் பையில் சுற்றிக் குளியலறைத் தரையில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன். தரையில் ஏன் என்று கேட்டால், பாட்டுக் கேட்க. நான் பாட்டுக் கேட்பதில்லை. இனிமேல் கேட்கலாம்.

கீழ்வீட்டு மருதாசலம் வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டி, "யாராச்சும் வர்றாங்களா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன எதுக்குத் தொறந்து வெச்சிருக்கறீங்க?" என்றார். யாராவது வரலாம் என்றேன். போய்விட்டார். படித்தவர்.


ஏப்ரல் 16, புதன்

கதவு வந்தது. சென்னியப்பன் பழைய கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் புதியதைத் தூக்கி வைத்தார். மேலே கச்சிதம். நடுவில் சற்று இறுக்கம். கீழே வந்ததும் நின்றது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழே அளந்தார்.

"எழுநூத்தி நாப்பத்தொண்ணுங்க."

"சரியாப் பாருங்க."

"நீங்களே பாருங்க சார்." நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இரண்டடி தள்ளி, தொட்டிக் குழாயைப் பிடித்தபடி நின்றேன். குனியவில்லை. அவரும் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

எப்போதோ குழாய் கசிந்தபோது கீழ் மூன்று வரிசை ஓடுகளை உடைத்து மறுபடி பதித்திருக்கிறார்கள். சுவர் அந்த இடத்தில் இருபத்தொரு மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது. பழைய கதவின் பட்டையை அதற்கேற்பச் சீவியிருக்கிறார்கள். புதிய கண்ணாடியைச் சீவ முடியாது.

"சொவரு நகர்ந்திருக்குது," என்றேன்.

"இருக்குமுங்க." பழைய கதவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கதவ இழுத்து இழுத்து கைப்பிடி வளைஞ்சா வெளியப் பாத்து வளையுமுங்க. இது தரையப் பாத்து வளைஞ்சிருக்குது. இப்படி வளையோணும்னா ஒரு ஆளு புடிச்சுத் தொங்கியிருக்கோணும்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் அடுத்தவர் காட்டில் நின்று வேலியையும் வரப்பையும் பார்த்து, யார் எப்போது எதைத் தள்ளி நட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் காட்டுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை யோசித்ததில்லை.

"யாரும் விழலீங்க," என்றேன்.

"போன வருசம் ராம்நகர்ல ஒரு வீடு. பாத்ரூம் கதவ ஒடச்சுத்தான் தொறந்தோமுங்க. ஒரு அம்மா, காலேஜ் புரொபசரு. யாரும் விழலீங்கன்னுதான் அவங்களும் சொன்னாங்க. உள்ள இருந்துக்கிட்டே."

நான் சிரித்திருக்கக் கூடாது.

"எவ்வளவு நேரமுங்க சார்?"

"கதவப் பத்திப் பேசலாம்."

"சரிங்க." பென்சிலைத் தேடினார். காதில் இருந்தது. "கண்ணாடி வீணாயிருச்சு. புதுசாத்தான் பண்ணோணும். இதே மாதிரியா, இல்ல அந்தத் தொண்ணூத்தாறாம் பக்கமான்னு நாளைக்குச் சொல்லுங்க. எதுன்னாலும் இருவத்தஞ்சுக்குள்ள முடிச்சுக் குடுத்தர்றேன்."


ஏப்ரல் 17, வியாழன்

ஏப்ரல் 2 அளவுகளில் சில விடுபட்டுள்ளன. சேர்க்கிறேன்.

ஷவர் தடுப்புக்குள் உட்கார்ந்த நிலையில் கண்ணுக்குத் தெரியும் ஓடுகள்: 214. விரிசல் விட்டவை: 3. கூடத்தில் இருக்கும் செல்போன் ஒரு அழைப்புக்கு மணியடிக்கும் நேரம்: ஏறக்குறைய நாற்பது விநாடி. தலையைத் தூக்கினால் அறை சுற்றத் தொடங்கி நிற்க ஆகும் நேரம்: ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தூக்கிப் பார்த்த தடவைகள்: எண்ணவில்லை. கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் நகர்ந்தால்தான் அது மடியும். தரை தள்ளும் வைப்பர் கட்டையால் கீழ்முனையை நெம்பினேன். அது கையில் கிடைக்கவே இரண்டு மணி நேரம்.

மூன்றாவது அழைப்பின்போது "வசந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இங்கிருந்து தோஹா சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குக் குரல் கேட்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

இதுவரை நான் கணக்கில் சேர்க்காத ஒன்று இன்று காலை பல் விளக்கும்போது தெரிந்தது. 26ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கதவுக்குள் குளிக்கப் போவது நான் மட்டுமில்லை. அவளுக்கு அறுபத்து மூன்று. வலது முட்டி சொன்னபடி கேட்பதில்லை. நான் காலையில் பேப்பர் வாங்கக் கீழே போய் மருதாசலத்திடம் மாட்டிக்கொண்டால் திரும்பி வர ஒரு மணி நேரமாகிறது.

11.20க்குச் சென்னியப்பனை அழைத்தேன்.

"தொண்ணூத்தாறாம் பக்கம்," என்றேன்.

"சரிங்க சார்." மேசையில் பென்சில் தேடும் சத்தம் கேட்டது. "அளவுங்க?"

"நீங்களே வந்து எடுத்துக்கங்க."


ஏப்ரல் 18, வெள்ளி

வந்து எடுத்தார். மேல் 762, நடு 757, கீழ் 741. நடுவிலும் நான் கண்ணளவாகத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.


ஏப்ரல் 24, வியாழன்

கதவு பொருத்தப்பட்டது. உள்ளே மடிகிறது, வெளியே மடிகிறது. தாழ்ப்பாள் இல்லை. உள்சுவரில் கெட்டியான பிடிகம்பி ஒன்றும் சேர்த்து மாட்டியிருக்கிறார். கேட்கவில்லையே என்றேன். "கதவுக்குப் பக்கத்துலயே இதையும் போட்டிருந்தாங்க, அந்தப் படத்துல," என்றார். படத்தில் இல்லை. பார்த்தேன்.

வசந்தாமணியிடம் சொல்வதற்கு மூன்று விளக்கங்கள் தயாரித்திருக்கிறேன். ஒன்று, புதிய மாடல். இரண்டு, பழைய மாடல் கிடைக்கவில்லை. மூன்று, கடைக்காரர் வற்புறுத்தினார். மூன்றும் தனித்தனியே நம்பும்படி இருக்கின்றன. சேர்த்துச் சொன்னால்தான் சிக்கல்.


ஏப்ரல் 26, சனி

வசந்தாமணி வந்துவிட்டாள். விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எளைச்சுப் போயிட்டீங்க," என்றாள். வழி முழுவதும் பேரன் கதை. வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் குளிக்கப் போனாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே வரியைப் படித்தேன்.

கதவு மடியும் சத்தம். மறுபடி விரியும் சத்தம். மறுபடி மடியும் சத்தம். தண்ணீர்ச் சத்தம் வரவேயில்லை. துண்டைத் தோளில் போட்டபடியே வெளியே வந்தாள்.

"எப்பீங்க விழுந்தீங்க?"

"கதவு பழசாயிருச்சும்மா. பத்து வருசம்..."

"கதவு எப்ப விழுந்துச்சுன்னு நான் கேக்கலீங்க."

மூன்று விளக்கங்களில் ஒன்றுகூட அருகில் இல்லை.

"ரெண்டாந்தேதி," என்றேன்.

"கத்திரிக்கா வாங்குன அன்னிக்கா?"

"ஆமா."

"நான் கூப்புட்டுக் கூப்புட்டு எடுக்கலயே, அப்பவா?"

"ஆமா."

"மணி கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுது."

அவள் திரும்பிக் குளிக்கப் போனாள். இம்முறை தண்ணீர்ச் சத்தம் வந்தது. வெகுநேரம் வந்தது.

மதியம் கத்திரிக்காய் கடைந்திருந்தாள். மறுபேச்சுப் பேசாமல் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.


ஏப்ரல் 27, ஞாயிறு

காலை காபிக்குப் பிறகு வசந்தாமணி என்னைக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். சேலையைச் செருகிக்கொண்டு, காய்ந்த தரையில், கதவுக்கு முதுகு காட்டி உள்ளே உட்கார்ந்தாள்.

"தொறங்க."

வெளியே நின்று இரண்டு விரலால் இழுத்தேன். திறந்தது.

"இப்ப நீங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தேன். உட்காரும்போதே அறை ஒரு சுற்றுச் சுற்றியது. பிடிகம்பியைப் பிடித்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். கதவை இழுத்துத் திறந்துவிட்டு, என்னை எழுப்பாமல், பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடங்களில் நாங்கள் இருவரும் குளியலறைத் தரையில் சேர்ந்து உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. இட வசதி குறைவு.

"எத்தன நாளா இந்தக் கிறுகிறுப்பு?"

"மார்ச்சுலேருந்து."

"நான் கெளம்பறதுக்கு முந்தியேவா?"

"சொன்னா நீ போயிருக்க மாட்டே."

"போயிருக்க மாட்டேன்தான்."

"ஒம்போது வருசம் காத்திருந்தே."

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினாள். "பூங்கொடிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது கோள் சொன்னதாயிரும்."

குளியலறைத் தரையிலிருந்தே சொன்னேன். சுருக்கமாக. தேதி, நேரம், இடம்.

"எவ்வளவு நேரம்பா உள்ள இருந்தீங்க?"

"மூணே கால் மணி நேரம்."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. குழந்தைதான் என்று நினைத்தேன்.

"அப்பா, சாந்த வனத்துக்கு நாளைக்கே பேசறேன்."

"பேசு," என்றேன். "நீ சொன்னது சொன்னதுதான். நான் விழுந்தது விழுந்ததுதான்."

வசந்தாமணி போனைப் பிடுங்கினாள். "கண்ணு, கொஞ்சம் பொறு. ஒண்ணும் அவசரமில்ல. மொதல்ல டாக்டரு. ஒரு மாசம் பாக்கலாம். கிறுகிறுப்பு நிக்கலீன்னா நானே இவரக் கூட்டிட்டுப் போயிர்றேன்... இல்ல கண்ணு, மறைக்கல. இவராத்தான் சொன்னாரு... ஆமா, நம்ப முடியலதான். எனக்கும்தான்."

ஒரு மாதம் தவணை கிடைத்திருக்கிறது.


ஏப்ரல் 29, செவ்வாய்

காது மூக்குத் தொண்டை மருத்துவர். இளம்பெண். என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, படாரென்று மல்லாத்தினார். அறை முழு வட்டமாகச் சுற்றியது. அவர் என் கண்களைப் பார்த்துக்கொண்டே, "நல்லா வருது, நல்லா வருது," என்று மகிழ்ந்தார்.

காதுக்குள் நுண்ணிய கற்கள் உண்டாம். அவை இருக்க வேண்டிய இடத்தைவிட்டுப் பக்கத்துக் குழாய்க்குள் போய்விட்டனவாம். படுத்தால், புரண்டால், குனிந்தால் உலகம் சுற்றுவதற்கு அதுதான் காரணமாம். இடம் மாறிய கற்களைப் பழைய இடத்தில் சேர்ப்பதற்குத்தான் அரசு எனக்கு முப்பத்து நான்கு வருடம் சம்பளம் கொடுத்தது. சொந்தக் காதில் நடந்தது தெரியவில்லை.

தலையை நான்கு நிலைகளில் திருப்பித் திருப்பி வைத்தார். பத்து நிமிடம். "பெரும்பாலும் சரியாயிடும். ஒரு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் தனியாக் குளிக்க வேண்டாம்," என்றார்.

"இனிமே எப்பவுமே தனியாக் குளிக்க மாட்டாருங்க," என்றாள் வசந்தாமணி. மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு சீட்டு எழுதினார்.


மே 1, வியாழன்

இரண்டு நாளாக அறை திரும்பவில்லை. குனிந்து கீழ் அளவை நானே எடுத்துப் பார்த்தேன். 741. சென்னியப்பன் சரி.

புதிய ஏற்பாடு அமலுக்கு வந்துவிட்டது. நான் குளிக்கும்போது வசந்தாமணி குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிக்கிறாள். ஒவ்வொரு செய்திக்கும் நான் ஒரு 'ம்' சொல்ல வேண்டும். 'ம்' வராவிட்டால் கதவு திறக்கப்படும். இதுவே ஒப்பந்தம். எழுத்தில் இல்லை, ஆனால் மேல்முறையீடும் இல்லை.

இன்று காலை 6.40க்குப் போனேன்.

"சிறுவாணி நீர்மட்டம் கொறஞ்சிருக்குதாம்."

"ம்."

"தங்கம் ஏறிப்போச்சு."

"ம்."

"பீளமேட்டுல மேம்பால வேலை இந்த வருசம் முடிஞ்சிருமாம்."

"ம்ம்ம்."

"சிரிக்காதீங்க, வழுக்கிரப் போகுது. ராசிபலன். மகரம். எதிர்பாராத சந்திப்பு உண்டு."

எனக்கு ராசிபலனில் நம்பிக்கை இல்லை. அதற்கு 'ம்' சொல்வது ஒப்புக்கொண்டதாகிவிடும். கொள்கைக்காகச் சும்மா இருந்தேன்.

நான்கு விநாடி. கதவு படாரென்று வெளிப்பக்கம் மடிந்தது. தலை முழுக்க நுரையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எதிரே வசந்தாமணி. ஒரு கையில் கசங்கிய பேப்பர், முகத்தில் துளி ரத்தமில்லை.

"ம்," என்றேன்.